கேளாது கொடுத்த கை: 'எலனோர் அண்ட் பார்க்' நாவலை முன்வைத்து

காதல் கதை என்ற சொல்லைக் கேட்டதும் தீவிர இலக்கிய வாசகர்களின் முகத்தில் ஒரு மெல்லிய புன்னகை படர்வதுண்டு. பதின்பருவத்தினருக்காக எழுதப்பட்ட காதல் கதை என்று சேர்த்துச் சொன்னால் அப்புன்னகை இன்னும் சற்று விரியும். அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அழகன் ஒருவன், தன் அழகை அறியாத பெண்ணொருத்தி, இடையில் ஒரு தவறான புரிதல், இறுதியில் மழையில் ஒரு தழுவல் என அச்சில் வார்த்தாற்போல் வந்து குவியும் நூல்கள் எண்ணற்றவை. ஆனால் அக்குவியலுக்குள் இருந்துகொண்டே, அதன் விதிகள் பலவற்றை ஏற்றுக்கொண்டே, வேறொன்றைச் சொல்லிவிடும் நூல்களும் அவ்வப்போது வந்துவிடுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் ரெயின்போ ரோவெலின் 'எலனோர் அண்ட் பார்க்' அத்தகையது என்பது எங்கள் எண்ணம். காதலைப் பேசுவதாகத் தோன்றும் இந்நாவல் அடியாழத்தில் வெட்கத்தைப் பேசுகிறது. இல்லாமை தரும் வெட்கத்தை இன்னொருவர் காயப்படுத்தாமல் எவ்வாறு தொட முடியும் என்று கேட்கிறது.

'எங்கள்' என்று பன்மையில் எழுதுவது வெறும் மரபு கருதி அன்று. ஓர் அரசு கலைக் கல்லூரியின் தமிழ்த்துறையில் பணிபுரியும் நாங்கள் ஐவர் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடி, ஒரு நூலைச் சில வாரங்கள் வாசித்துப் பேசும் வழக்கமுடையவர்கள். பெரும்பாலும் தமிழ் நூல்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஆங்கில நூல்கள். ஆங்கிலத்தை அகராதியின் துணையோடு நிதானமாக வாசிப்பவர்களே எங்களில் மிகுதி. இந்நாவல் முதுகலை மாணவி ஒருவர் வழியாக எங்களிடம் வந்தது. ஒப்பிலக்கியத் தாளுக்கான கட்டுரைக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். எடுத்துக்கொள்ளலாம் என்றோம். ஒற்றைச் சொல்லில் முடிந்த அந்த விடைக்குப் பின்னால் மூன்று சனிக்கிழமைகள் நீண்ட வாதம் இருந்தது. அதன் சாரத்தையே இங்கே தொகுத்துத் தருகிறோம். நூலின் முடிவைத் தொடாமல் இந்நூலைப் பேச இயலாது என்பதால், முடிவை முன்னரே அறிய விரும்பாத அன்பர்கள் நூலை வாசித்துவிட்டு வருவது நலம்.

ரோவெல் 1973இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தவர். 'ஒமாஹா வேர்ல்ட்-ஹெரால்ட்' நாளிதழில் பத்தி எழுதியவர். இந்நாவல் 2012இல் பிரிட்டனிலும் 2013இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. இளையோர் இலக்கியத்துக்காக அமெரிக்க நூலகச் சங்கம் வழங்கும் பிரின்ட்ஸ் விருதில், 2014இல் சிறப்புத் தகுதி பெற்ற நூல்களுள் ஒன்றாயிற்று. கதை நிகழ்வது அதே ஒமாஹாவில், 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பள்ளி திறக்கும் நாள்களில் தொடங்கி.

எலனோர் டக்ளஸ் பதினாறு வயதுப் பெண். பருத்த உடல், சுருண்டு அடங்காத செந்நிறக் கூந்தல், ஆண்களின் பழைய சட்டைகள், மணிக்கட்டில் சுற்றிய கந்தல் துணி. மாற்றாந்தந்தை ரிச்சியால் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, ஓராண்டு பிறர் வீட்டில் தங்கியிருந்துவிட்டு, இப்போதுதான் தாயிடம் திரும்பியிருக்கிறாள். உடன்பிறந்த சிறுவர் நால்வரோடு ஒரே அறையில் படுக்கிறாள். வீட்டில் தொலைபேசி இல்லை. பார்க் ஷெரிடன் அதே பகுதியில் வசிப்பவன். தந்தை அமெரிக்கர், கொரியாவில் படைப்பணியில் இருந்தபோது அங்கே மணந்து அழைத்துவந்த பெண்ணே தாய். பள்ளிப் பேருந்தில் முதல் நாள் எவரும் இடம்தராமல் நின்றுகொண்டிருக்கும் எலனோரைப் பார்த்து, எரிச்சலோடு ஒரு வசைச்சொல்லும் சேர்த்து, உட்காரச் சொல்கிறான் பார்க். கருணையால் அன்று, அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சகியாமல். காதல் கதையொன்று இவ்வளவு அழகற்ற ஒரு கணத்தில் தொடங்குவது எங்களுக்குப் பிடித்திருந்தது.

அதன்பின் பல நாள்கள் இருவரும் பேசுவதில்லை. பார்க் காமிக்ஸ் படிக்கிறான். பக்கத்தில் இருப்பவள் தானும் அதைப் படிக்கிறாள் என்பதை ஒருநாள் உணர்கிறான். உணர்ந்ததும் அவன் செய்வது மிகச் சிறிய காரியம்: நூலைச் சற்று அகலமாக விரித்துப் பிடிக்கிறான், அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்தைப் புரட்டாமல் காத்திருக்கிறான். பின்னொரு நாள் இதழ்களை அவள் இருக்கையில் வைத்துவிடுகிறான். ஒரு சொல்லும் இல்லை. வேண்டுமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பாள். கேள்வி எழுந்த உடனேயே கொடுப்பவன், வாங்குபவள் என்ற இரு தட்டுகள் உண்டாகிவிடும். பக்கத்தைப் புரட்டாமல் காத்திருத்தலில் அத்தட்டுகள் இல்லை.

எலனோர் தன் பாடநூல் உறைகளில் பாடல்களின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறாள். 'தி ஸ்மித்ஸ்' என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாடல் ஒன்றும் அவற்றுள் அடக்கம். அதைக் கண்ட பார்க், அவளும் தன்னைப் போல அக்குழுவின் ரசிகை என்று எண்ணிப் பேச்சைத் தொடங்குகிறான். அவளோ அப்பாடலைக் கேட்டதே இல்லை. கேட்க விரும்பும் பாடல்களின் பெயர்களையே அவள் எழுதிவைத்திருக்கிறாள். இந்நாவலில் எங்களை முதலில் தைத்த இடம் இதுதான். பண்பாடு என்பது பலருக்கு அனுபவம். சிலருக்கு அது பெயர்ப்பட்டியல். நூலகம் இல்லாத ஊரில் வளர்ந்து, இலக்கிய வரலாற்று நூலின் பக்கங்களில் மட்டுமே நூல்களின் பெயர்களை அறிந்து, அவற்றை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். கேளாத பாட்டின் பெயரை உறையில் எழுதிவைக்கும் பெண்ணை எங்களால் புரிந்துகொள்ள முடிந்தது.

பார்க் ஒலிநாடாவில் பாடல்களைப் பதிந்து தருகிறான். கேட்பதற்குக் கருவி இல்லை என்பதால் தன் வாக்மேனையும் தருகிறான். பேட்டரிகளையும் தருகிறான். பேட்டரி என்ற இந்தச் சிறு பொருளை நாவலாசிரியர் மறக்காதது அவருடைய கூர்மைக்குச் சான்று. வறுமையைத் தூரத்திலிருந்து எழுதுபவர்கள் கருவியைக் கொடுத்துவிட்டுக் காட்சியை முடித்துவிடுவார்கள். வறுமையை அறிந்தவர்களுக்கே தெரியும், கருவி கிடைத்த பின்னும் அதை ஓட்டுவதற்கான செலவு நாள்தோறும் தொடரும் என்பது. கல்லூரியில் இலவச மடிக்கணினி பெற்ற மாணவர் சிலர், இணையத்துக்கான செலவுக்கு வழியின்றி அதைப் பெட்டியிலேயே வைத்திருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

வெட்கம் என்று தொடக்கத்தில் குறித்தோம். அதன் உச்சம் ஒரு குளியலறை. எலனோரின் வீட்டில் குளியலறை சமையலறையை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கதவு இல்லை. ஒரு துணி தொங்குகிறது. ரிச்சி வீடு திரும்புவதற்குள் அவள் அவசர அவசரமாகக் குளித்து முடித்தாக வேண்டும். ஆசிரியர் இதை ஓர் அவலக் காட்சியாக விரித்து எழுதுவதில்லை. நாளின் நேரக்கணக்கில் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறார். அச்சம் அந்த வீட்டின் அமைப்பிலேயே, இல்லாத ஒரு கதவில், குடிகொண்டிருக்கிறது.

எங்களில் ஒருவர் இப்பகுதியைப் படித்ததும் நூலை மூடி இரண்டு நாள் எடுக்கவில்லை. அவர் படித்த காலத்தில் தங்கியிருந்த மாணவியர் விடுதியில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாணவியர் இருவர் இருவராகச் செல்வார்கள். ஒருவர் குளிக்க மற்றவர் வெளியே கதவை இழுத்துப் பிடித்து நிற்பார். "எங்களுக்காவது கதவும் இருந்தது, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழியும் இருந்தாள், இவளுக்கு இரண்டும் இல்லையே" என்றார் அவர். அகத்திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் எங்களுக்குத் தோழி என்ற அச்சொல் அன்று வேறு எடையோடு கேட்டது. அகப்பாடல்களில் தலைவிக்காகப் பேசுபவள், அவள் சொல்லமாட்டாததை வீட்டாருக்கு உணர்த்தி அறத்தொடு நிற்பவள் தோழி. எலனோருக்கு அப்படி ஒருத்தி இல்லை. பள்ளியில் டெனீஸ், பீபி என்ற இரு நல்ல தோழியர் உண்டு. ஆனால் வீட்டைப் பற்றி அவர்களிடம் அவள் வாய் திறப்பதில்லை. பார்க்கிடமும் நெடுநாள் சொல்வதில்லை. துன்பம் அவளை வாட்டுகிறது என்பது உண்மை. அத்துன்பம் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற எண்ணம் அதைவிட அதிகமாக வாட்டுகிறது. வள்ளுவர் இரவுக்கென ஓர் அதிகாரமும் இரவச்சத்துக்கென ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்ததன் நுட்பத்தை, ஒமாஹாவின் ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் வாய்மூடிய நிலையில் கண்டோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

பார்க்குக்கும் அவனளவில் வெட்கங்கள் உண்டு என்பதால் இந்நாவல் இரக்கக் கதையாகச் சரிந்துவிடாமல் நிற்கிறது. தம்பி தந்தையைப் போல் உயர்ந்து வளர, தாயின் சாயலோடு மெலிந்து நிற்பவன் அவன். கியர் மாற்றி வண்டியோட்டத் தெரியவில்லை என்று தந்தைக்குக் குறை. ஒருநாள் அவன் கண்ணுக்கு மையிட்டுக்கொள்ளத் தந்தை வெகுண்டெழுகிறார். இருவரின் பார்வையிலும் மாறி மாறி நகரும் நாவல் இது. ஒரே நிகழ்வு அவளுக்கு ஒரு பொருளும் அவனுக்கு வேறொரு பொருளும் தருவதை அடுத்தடுத்த பத்திகளில் காட்டுகிறது. அவள் தன் உடலை எண்ணிக் கூசும் அதே நொடியில் அவன் அதே உடலை வியந்துகொண்டிருக்கிறான். பேருந்தில் முதன்முறை கைகளைக் கோத்துக்கொள்ளும் பகுதி பலராலும் புகழப்பட்டது. அவள் மணிக்கட்டில் சுற்றியிருக்கும் அந்தக் கந்தல் பட்டுத் துணியைத்தான் அவன் முதலில் தொடுகிறான், பின்பே விரல்களை. அவளுடைய வறுமையின் அடையாளமாக எல்லோரும் கண்ட பொருளையே அவன் வாசலாகக் கொள்கிறான்.

இனிக் குறைகள். இவற்றை மறைத்துப் பாராட்டுவது நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதலாவது, எலனோர் தன் பருமனைத் தானே இகழ்ந்துகொள்ளும் வரிகள் அளவு மீறித் திரும்பத் திரும்ப வருகின்றன. பத்து இடங்களில் சொல்லாமலே விட்டிருக்கலாம். இரண்டாவது, இன்னும் தீவிரமானது. கொரியப் பாத்திரங்களை ரோவெல் கையாண்ட விதம் பற்றிக் கொரிய அமெரிக்க வாசகர்கள் உட்படப் பலர் எழுப்பிய கண்டனம் அது. கொரியாவில் குடும்பப் பெயராக வழங்கும் 'பார்க்' இங்கே இயற்பெயராகியிருக்கிறது. தாய் மிண்டி சிதைந்த ஆங்கிலம் பேசுகிறாள். எலனோரின் கண்களுக்குப் பொம்மை போலத் தோன்றுகிறாள். பார்க்கின் அழகை வருணிக்க எலனோர் தேடிப் பிடிக்கும் உவமைகளிலும், ஆசியரைப் பற்றி அன்றைய அமெரிக்கத் திரைப்படங்கள் பரப்பிய பிம்பங்களே வந்து விழுகின்றன. 1986ஆம் ஆண்டின் ஒரு பதின்பருவப் பெண் அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று வாதிடலாம். எங்களில் மூத்தவர் அவ்வாறே வாதிட்டார். ஆனால் பாத்திரத்தின் அறியாமையை ஆசிரியர் விலகி நின்று காட்டுகிறாரா, அல்லது அவரும் அதற்குள்ளேயே நிற்கிறாரா என்பதைப் பல இடங்களில் பிரித்தறிய முடியவில்லை. கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்பதே எங்களில் பெரும்பாலோர் முடிவு.

விந்தை என்னவெனில், நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றும் இதே மிண்டிக்கே வாய்த்திருக்கிறது. தொடக்கத்தில் அவளுக்கு எலனோரைப் பிடிக்கவில்லை. அழகுக்கலை தொழிலாகக் கொண்டவளுக்கு அப்பெண்ணின் கோலம் விளங்கவில்லை. பின்னொரு நாள் கடையொன்றில் எலனோரை அவள் தாயோடும் உடன்பிறந்தாரோடும் காண்கிறாள். வீடு திரும்பியதும் மனம் கலங்கி மகனிடம் பேசுகிறாள். பிள்ளைகள் மிகுந்த குடும்பத்தில் எல்லாமே பங்கிடப்பட்டுத் தாளைப் போல் மெலிந்துபோகும் என்று அவள் சொல்லும்போது, பேசுவது எலனோரின் குடும்பத்தைப் பற்றி மட்டும் அன்று. கொரியாவில் அவள் விட்டுவந்த தன் வீட்டைப் பற்றியும்தான். அந்த நகரில் எலனோரின் வறுமையை ஒரே பார்வையில் இனம்கண்டவள், கடல் கடந்து வந்த அந்நியப் பெண் ஒருத்திதான். அவள் வாய்ப்பேச்சைக் கேலிக்குரியதாக எழுதிய அதே கை இதையும் எழுதியிருக்கிறது. ஒரு நூலை முழுவதும் ஏற்கவோ முழுவதும் தள்ளவோ துடிக்கும் வாசிப்புக்கு இத்தகைய இடங்கள் நல்ல சோதனை.

நூலை எதிர்த்தவர்கள் வேறொரு திசையிலிருந்தும் வந்தார்கள். 2013இல் மின்னசோட்டா மாநிலத்தின் அனோகா-ஹென்னபின் பள்ளி மாவட்டத்தில், நூலில் உள்ள வசைச்சொற்களை எண்ணி, 200க்கும் மேற்பட்டவை என்று பட்டியலிட்டுச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ரோவெல் அங்கே மாணவர்களைச் சந்திக்க இருந்த நிகழ்ச்சி கைவிடப்பட்டது. எண்ணியவர்கள் அச்சொற்களை யார் பேசுகிறார்கள் என்று பார்த்தார்களா என்பதுதான் எங்களுக்கு எழுந்த கேள்வி. மிகக் கொடியவை ரிச்சியின் வாயிலிருந்தும், எலனோரின் நூலுறைகளில் எழுதப்படும் ஆபாச வாசகங்களிலிருந்தும் வருகின்றன. அவ்வாசகங்களைப் பள்ளியில் யாரோ எழுதுவதாக எண்ணியிருந்தவள், எழுதியது தன் வீட்டிலிருக்கும் ரிச்சியின் கையே என்று கண்டுகொள்ளும் கணம் நாவலின் இருண்ட மையம். அச்சொற்களை நீக்கிவிட்டால் அப்பெண் எதிலிருந்து தப்பி ஓடுகிறாள் என்பதே விளங்காமல் போகும். காதலர் இருவருமோ கதை முழுவதிலும் உடலுறவு கொள்வதில்லை. ஒரு பெண் பிள்ளைக்குத் தன் வீட்டிலேயே என்ன நேரக்கூடும் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பை, சொற்களின் தூய்மை கருதி நாம் மறுக்கலாமா? பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவியர் முன் நாள்தோறும் நிற்பவர்களுக்கு இது கல்விசார்ந்த வினா மட்டும் அன்று. சொல்ல முடியாத வீடுகளிலிருந்து சிலர் வந்துகொண்டிருக்கிறார்கள். எவர் என்பது முகத்தைப் பார்த்துத் தெரிவதில்லை.

நாவலுக்குள்ளேயே ஓர் இலக்கிய வகுப்பு வருகிறது. ஆசிரியர் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நடத்துகிறார். அவ்விருவரையும் ஷேக்ஸ்பியர் கேலிதான் செய்கிறார், ஒருவரையொருவர் சரியாக அறியாத இரு வசதியான பிள்ளைகள் என்கிறாள் எலனோர். அப்படியானால் இந்நாடகம் நூற்றாண்டுகளாக ஏன் நிலைத்திருக்கிறது என்ற வினாவுக்கு, இளமையில் காதலிப்பது எப்படி இருந்தது என்பதை மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்ற பொருள்பட விடையளிக்கிறான் பார்க். காதலை நம்பாத பெண்ணையும் நம்பும் ஆணையும் ஒரே வகுப்பில் வைத்து, இரண்டு விடைகளையும் நிற்கவிட்டுச் செல்கிறார் ரோவெல். வகுப்பில் விவாதம் நடத்துபவர்கள் அறிவார்கள், இரண்டையும் நிற்கவிடுவது எவ்வளவு கடினம் என்று.

முடிவுக்கு வருவோம். உண்மை தெரிந்த இரவில் எலனோர் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ரிச்சி அவளைத் தேடித் திரிகிறான். அந்நேரத்தில் அவளுக்கு ஒளிந்துகொள்ள இடம் தருபவள் டீனா. பேருந்தில் முதல் நாளிலிருந்து எலனோரை இழிவுபடுத்திய கூட்டத்தின் தலைவி. இத்திருப்பத்தை ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தெருவில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, இன்னொரு பெண் எதற்கு அஞ்சி ஓடுகிறாள் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கதை முழுதும் எலனோருக்கு வாய்க்காத தோழி, பகையாக இருந்தவளின் உருவில் ஓர் இரவு மட்டும் வருகிறாள்.

பார்க்கின் தந்தை தன் வண்டியின் சாவியைத் தருகிறார். கியர் வண்டி ஓட்ட வராது என்று எவனைக் குறைசொன்னாரோ அவனிடமே தருகிறார். பார்க் இரவெல்லாம் ஓட்டிச் சென்று, மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் அவளுடைய மாமா வீட்டில் அவளைச் சேர்க்கிறான். எங்களில் சங்க இலக்கியம் நடத்துபவர் இவ்விடத்தை உடன்போக்கோடு ஒப்பிட்டார். இரவில் வீட்டைவிட்டுத் தலைவி தலைவனோடு செல்கிறாள், வழி நெடிது, பின்னே தேடுவோர் உளர். ஆனால் ஒப்புமை அங்கேயே முறிந்தும் போகிறது. உடன்போக்கில் தேடிச் செல்பவள் செவிலி, அன்பினால் தேடுபவள்; இங்கே தேடுபவனிடமிருந்தே தப்ப வேண்டியிருக்கிறது. உடன்போக்கில் தலைவன் தலைவியைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்கிறான். இங்கே அவன் அவளைத் தன்னிடமிருந்து தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியே திரும்புகிறான். காதலியை அடைவதற்காக அன்றி அவளை இழப்பதற்காக ஓட்டிச் செல்லும் வண்டி அது. அவ்விழப்பே அவன் கொடுத்தவற்றுள் பெரிது.

ஆனால் பின்னே அந்த வீட்டில் நான்கு சிறுவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதி என்னவாயிற்று என்பதை நாவல் போதிய அக்கறையோடு தொடர்வதில்லை. மூத்தவள் தப்பிய நிம்மதியில் வாசகரும் அவர்களை மறந்துவிட அனுமதிக்கிறது. இது கலைக்குறை மட்டும் அன்று, அறக்குறையும் என்று எங்களில் இருவர் கடைசிவரை சொன்னார்கள். மற்றவர்களால் மறுக்க இயலவில்லை.

செயின்ட் பால் சென்ற எலனோர் பார்க்கின் கடிதங்களுக்கு விடை எழுதுவதில்லை. மாதங்கள் கழிகின்றன. கடைசியில் ஓர் அஞ்சலட்டை வருகிறது. அதில் இருப்பவை மூன்றே சொற்கள் என்று சொல்லும் ஆசிரியர், அவை எவை என்று சொல்லாமல் நாவலை முடித்துவிடுகிறார். எங்கள் வாதம் உச்சத்தை எட்டியது இங்கேதான். இத்தனை செய்தவனுக்கு ஒரு வரி எழுதாதது கல்நெஞ்சம் என்றனர் ஆண்களில் இருவர். பெண்கள் இருவரும் அதை ஏற்கவில்லை. நன்றி சொல்லிச் சொல்லியே வாழ்ந்த ஒருத்திக்கு, யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லாத சில மாதங்கள் உயிர்க்காற்று போன்றவை என்றனர். பிறர் வீட்டுச் சோறு, பிறர் தந்த சட்டை, பிறர் காதில் மாட்டிவிட்ட பாட்டு, பிறர் ஓட்டிய வண்டி. பெற்றுக்கொண்டே இருப்பவர் ஒருநாள் அமைதியாக இருக்க விரும்புவதை நன்றியின்மை என்று சொல்வது, கொடுப்பவர்களின் மொழி.

அம்மூன்று சொற்கள் எவை என்று ஊகிக்க அதிக முயற்சி தேவையில்லை. பார்க் சொல்லியும் எலனோர் தன் வாயால் திருப்பிச் சொல்லத் தயங்கிய ஒன்றை எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். அது எதுவாகவும் இருக்கட்டும். பேருந்தில் விரித்துப் பிடித்த காமிக்ஸ் தொடங்கி இரவுப் பயணம்வரை இக்கதையில் கொடுத்துக்கொண்டே வந்தவன் பார்க். அவன் கேட்பதை நிறுத்திய பின், எதிர்பார்ப்பதையும் நிறுத்தத் தொடங்கிய பின், எலனோரின் கையிலிருந்து ஒன்று புறப்பட்டு வருகிறது. கடனைத் திருப்பிச் செலுத்துவதாக அது தோன்றவில்லை. தன்னிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது என்று அவள் முதன்முறையாக நம்பியிருக்கிறாள். அஞ்சலட்டையைத் தெரிந்தெடுத்து, அஞ்சல்தலை ஒட்டி, யாரும் கேளாமல் அனுப்பியிருக்கிறாள்.